ஏற்றத்தில் திக்கிய வேன்

ராஜபாளையத்து ரயில்வே மேம்பாலத்தில் பாதி ஏறியிருந்தபோது வேன் திக்கத் தொடங்கியது. சீட்டுக்கு அடியில் எஞ்சின் விட்டு விட்டு அடித்தது. வண்டி ஒரு முறை குலுங்கி, கொஞ்சம் இழுத்து, மறுபடி குலுங்கி நின்றே போனது. பின்னால் வந்த மினி பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்தான். ஞானபாக்கியம் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வேறொருத்தி என்றால் பதறிப் போயிருப்பாள். பின்னால் முழுக்க நைட்டி மூட்டை. முன்னால் ஏற்றம், பின்னால் வரிசையாக வண்டிகள். அவளுக்குப் பதற்றம் வரவில்லை. நின்றுவிட்டது என்று மட்டும் நினைத்தாள். கரண்டு போய்விட்டது என்று நினைப்பதைப் போல.

மினி பஸ் ஒதுங்கித் தாண்டிப் போகும்போது டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"ஓட்டத் தெரியாட்டி எதுக்கும்மா வண்டிய எடுத்துட்டு வாரிய?"

அதுவும் யாருக்கோ சொன்னது போலத்தான் காதில் விழுந்தது. செத்த நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினாள். வேன் இருமியது. இரண்டாம் முறை பிடித்துக்கொண்டது. முதல் கியரிலேயே உறுமி உறுமிப் பாலத்தைத் தாண்டியது.

ஞானபாக்கியத்துக்குச் சொந்த ஊர் தளவாய்புரம். தெருவுக்குத் தெரு தையல் மெஷின் ஓடுகிற ஊர். நைட்டியும் பாவாடையும் தைத்து வெளியூருக்கு அனுப்புவார்கள். அவளும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, நாலைந்து பெண்களை வைத்துத் தைத்து வந்தாள். கணவர் எலியேசருக்கு ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. ஒரே மகன் ஜோயல். பாலிடெக்னிக் முடித்தவன், கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போகாமல் அம்மாவின் தொழிலில் இறங்கினான். அதுவரை மூட்டைகளை டவுன் பஸ்ஸில் ஏற்றிக் கண்டக்டரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு, பழைய ஆம்னி வேன் ஒன்றைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் பிறப்பதற்கு முன்பே ரோட்டுக்கு வந்த வண்டி அது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளுக்கு அவனே சரக்குக் கொண்டுபோய்ப் போட்டான்.

அம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவனும் அவன்தான். கண்மாய்க்கரையோரம் கூட்டிப் போய், "யம்மா, அது பிரேக்கு. இடது கால்ல கெடக்கு பாரு, அதுதான் கிளட்ச்" என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவன். அவள் லைசென்ஸ் எடுத்த அன்று தெருவே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

போன ஐப்பசியில் ஜோயலுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டார்கள். விடவில்லை. எலியேசர்தான் மகனை வேனில் இடப்பக்க சீட்டில் சாய்த்து உட்காரவைத்து ராஜபாளையத்துக்கு ஓட்டிப் போனார். டெங்கு என்றார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் மதுரைக்கு. மதுரையிலிருந்து திரும்பி வந்தபோது அவன் இல்லை. ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஞானபாக்கியம் அழவில்லை. அடக்கம் அன்றைக்கும் அழவில்லை, அதற்குப் பிறகும் இல்லை. சபைப் பெண்கள் வந்து சுற்றி உட்கார்ந்து ஜெபித்தார்கள். அவள் ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் ஆமென் சொன்னாள், காப்பி கொடுக்க வேண்டிய நேரத்தில் காப்பி கொடுத்தாள். "ஏட்டி, ஒரு தடவ வாய் விட்டு அழுதுரு, நெஞ்சுல கட்டிக்கிடக் கூடாது" என்று பெரியம்மா கிருபாபாய் அவள் முதுகைத் தடவித் தடவிச் சொன்னாள். அழுதால் நல்லதுதான் என்று அவளுக்கும் தோன்றியது. ஆனால் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால், உதடு இருப்பது தெரியும், அது தன்னுடையது என்று தெரியாது. அப்படித்தான் இருந்தது அவளுக்கு எல்லாமே. பல் டாக்டர் ஊசி சாயங்காலம் தெளிந்துவிடும். இது தெளியவில்லை.

கொஞ்ச நாளில் மெஷின்கள் மறுபடி ஓடின. சரக்கை யார் கொண்டுபோவது என்ற கேள்வி வந்தது. எலியேசர் அந்த வேன் பக்கமே திரும்பவில்லை. மில் பஸ்ஸில் போனார், மில் பஸ்ஸில் வந்தார். வீட்டு வாசலில் நிற்கிற வண்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தார். ஆகவே ஞானபாக்கியமே சாவியை எடுத்துக்கொண்டாள். கல் மனசு என்று சிலர் பேசியது காதுக்கு வந்தது. இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது குறைந்து போயிருந்தது. சண்டையெல்லாம் இல்லை.

"கொழம்பு இருக்கு."

"சரி."

"நாளைக்கு எனக்கு நைட் ஷிப்ட்."

"சரி."

இவ்வளவுதான் வீட்டில் பேச்சு. மீதி நேரமெல்லாம் கொட்டகையிலிருந்து தையல் மெஷின் சத்தம்.

இப்படி ஒரு வருஷம் ஓடி, இந்த ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில்தான் வேன் திக்க ஆரம்பித்தது.

தென்காசி ரோட்டில் சோலைராஜ் ஒர்க்ஷாப் வைத்திருந்தான். ஜோயலுக்குப் பழக்கமானவன், அடக்கத்துக்கு வந்தவன். அதனாலேயே ஞானபாக்கியத்தின் முன்னால் அவனுக்கு வாய் வராது. ஜோயல் பெயரை எடுக்கக் கூடாது என்று கவனமாக இருப்பான்.

"மிஸ்ஸிங் அடிக்குதுக்கா," என்றான், அவள் பாலத்தில் நின்ற கதையைச் சொன்னதும். "மூணு சிலிண்டர்ல ஒண்ணு வேல செய்யாம விட்டு விட்டு நிக்குது. எதுன்னு பாப்போம்."

டிரைவர் சீட்டைத் தூக்கினான். இந்த வண்டியில் எஞ்சின் சீட்டுக்குக் கீழேதான். ஸ்டார்ட் செய்து, பிளக்குக்குப் போகிற கறுப்பு வயர்களை ரப்பர் பிடி போட்ட குறட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மறுபடி மாட்டினான். முதல் வயரைப் பிடுங்கியதும் எஞ்சின் தள்ளாடியது. இரண்டாவதைப் பிடுங்கினான், தள்ளாடியது. மூன்றாவதுக்கும் அப்படியே.

"பிடுங்கினா தள்ளாடணும்க்கா. பிடுங்கியும் ஒண்ணும் ஆகலேன்னா அந்த சிலிண்டர் ஏற்கெனவே செத்துக் கெடக்குன்னு அர்த்தம். இங்க மூணும் உசுராத்தான் இருக்கு."

செத்துக் கிடக்கு என்று சொன்ன பிறகுதான் அவனுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. அவள் முகத்தைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. பிளக் மூன்றையும் புதிதாகப் போட்டான், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினான். வண்டி பஞ்சு மாதிரி ஓடியது.

ஆனால் அந்த வாரமே மறுபடி திக்கியது. மறுபடி கொண்டு போனாள். சோலைராஜ் தானே ஓட்டிக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வந்தான். திக்கவே இல்லை.

"ஏத்தத்துல கிளட்ச்ச டக்குனு விட்டுருதியளோக்கா?"

"இருக்கும்," என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். தன் மேல் தப்பில்லை என்று வாதாடாத கஸ்டமரை அவன் பார்த்ததில்லை.

மூன்றாம் முறை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிற வழியில் ஆயிற்று. தீபாவளிச் சரக்கு. வைகுண்டராஜ் என்பவர் தேரடிப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்தார். காலை கடை திறக்கும்போது மூட்டை வந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவள் போய்ச் சேர்ந்தபோது கடை நிறையக் கூட்டம்.

"ஏம்மா, சனங்க வந்து கேட்டுட்டுப் போயிட்டாவ. வண்டி மக்கர் பண்ணுதுன்னா ஒரு ஆட்டோவுலயாவது போட்டு விட்டிருக்கலாம்ல?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். "நீங்க இப்படி மலச்சுப் போய் நிக்கும்போது நா என்னத்தச் சொல்ல?"

தான் மலைத்துப் போய் நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை. திரும்புகிற வழியில் நேரே சோலைராஜிடம் போனாள். அவன் சீட்டைத் தூக்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து அவளை உட்காரச் சொன்னான்.

"அக்கா, எப்பல்லாம் திக்குது?"

"அப்பப்ப."

"காலையிலயா, மத்தியானமா?"

யோசித்தாள். "தெரியலயே."

"எடுத்த ஒடனயா? இல்ல செத்த நேரம் ஓடின பொறவா?"

"தெரியல தம்பி."

"இன்னைக்கு வில்லிபுத்தூர் போவயில மழை பெஞ்சுச்சா?"

ஒர்க்ஷாப் வாசலைப் பார்த்தாள். குழியில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அந்தக் குழியில் இறங்கித்தான் வண்டியை உள்ளே கொண்டு வந்திருக்கிறாள். பெய்திருக்க வேண்டும்.

சோலைராஜ் கையிலிருந்த துணியை மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டு பேசினான்.

"தப்பா நெனைக்காதியக்கா. நீங்க இங்க வரும்போதெல்லாம் வண்டி நல்லா இருக்கு. நல்லா இருக்கிற வண்டில நா எதத் தேட? திக்கும்போது கூட இருக்கிறது நீங்கதான். எப்ப, எங்க, எப்படின்னு பாத்து வந்து சொன்னாத்தான் என்னால கண்டுபிடிக்க முடியும். கொஞ்ச நாளு பாருங்க. வேற ஒண்ணும் வேண்டாம். பாத்துட்டு மட்டும் வாங்க."

சரி என்று வந்துவிட்டாள். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தாள். நினைவில் இல்லை. முந்தின நாள் என்ன செய்தோம் என்று பார்த்தாள். ராஜபாளையம் போனது தெரியும். எந்தப் பக்கமாகப் போனாள், வழியில் யார் கையைக் காட்டினார்கள், ஒன்றும் இல்லை. ஒரு வருஷமாகத் தினமும் அந்த ரோட்டில் வண்டி ஓட்டியவள் அவள்தான். ஆனால் ஓட்டும்போது அவள் அங்கே இருந்ததில்லை. இதை நினைத்தும் அவளுக்குத் துக்கமாக இல்லை. அப்படியா என்று இருந்தது.

மறுநாளிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். வண்டிக்காகத்தான்.

வானம் வெளுத்திருந்த நாளில் பாலத்தில் ஒன்றும் ஆகவில்லை. அதை மனதில் போட்டுக்கொண்டாள். அடுத்த நாள் மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது, ரோடெல்லாம் ஈரம். முகவூர் தாண்டும் முன்பே திக்கியது. ஆக்சிலேட்டரை லேசாக விட்டால் ஓடியது, மிதித்தால் திக்கியது. அதையும் போட்டுக்கொண்டாள். ராஜபாளையத்தைத் தாண்டி மதுரை ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடி எஞ்சின் நன்றாகச் சூடானதும் தானாகவே சரியாயிற்று. மழை இல்லாமல் பனி மட்டும் விழுந்திருந்த ஒரு காலையில், எடுத்தவுடன் இரண்டு திக்கு, பிறகு இல்லை.

வண்டியைப் பார்க்கிற கண்ணில் மற்றவையும் பட்டன. அதற்கு அவள் ஒன்றும் செய்ய முடியவில்லை. கொட்டகையில் பாண்டீஸ்வரி ஜன்னலோர மெஷினுக்கு மாறியிருந்தாள்.

"எப்ப மாறுன?" என்று கேட்டாள்.

"ஏக்கா, நா சித்திரையிலயே மாறிட்டேன்," என்று பாண்டீஸ்வரி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்கதான மாறிக்கிடச் சொன்னிய, வெளிச்சம் காணலேன்னதுக்கு."

வேனில் இடப்பக்க சீட்டில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சுத் துணுக்கு ஒட்டியிருந்தது. துணி மூட்டையிலிருந்து உதிர்ந்திருக்கும் என்று தட்டிவிட்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடி இருந்தது. மூட்டைகளை அவள் பின்னால்தான் அடுக்குவாள், அந்த சீட்டில் எதையும் வைப்பதில்லை. அதையும் பார்த்தாள். ஆனால் அது திக்குவதில் சேராததால் விட்டுவிட்டாள்.

சோலைராஜிடம் போய்ச் சொன்னாள். "தம்பி, ரோட்டுல தண்ணி கெடந்தாத்தான் திக்குது. காஞ்சு கெடந்தா ஒண்ணுமில்ல. பனிக்கும் கொஞ்சம் உண்டு. மட்டத்துல சும்மா போவுது, ஏத்தத்துல மிதிச்சாத்தான். நல்லா சூடாயிட்டா தானா விட்டுருது."

அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவன் கேட்டதில்லை.

"போதும்க்கா. இது கரண்டு ஒழுகுது. பிளக்குக்குப் போற கரண்டு வழியிலயே ஈரத்தப் பிடிச்சு எஞ்சின் பாடிக்குத் தாவுது. ஏத்தத்துல மிதிக்கும்போது பிளக்குல பொறி தட்ட கூடுதல் கரண்டு வேணும், அப்ப பிளக்குக்குப் போகாம லேசான பக்கம் ஓடிருது. சூட்டுல ஈரம் காஞ்சதும் நின்னுரும். எங்க ஒழுகுதுன்னு இப்பக் கண்ணால பாத்துருவோம்."

புகை வெளியே போக வேனின் பின்பக்கத்தைக் கொல்லை வாசலுக்கு நேராக வைத்து நிறுத்தினான். முன் ஷட்டரை இறக்கினான். கொல்லை வாசலுக்குத் தார்ப்பாயைத் தொங்கவிட்டான். பட்டப்பகலில் ஷெட்டுக்குள் இருட்டிப் போனது. சீட்டைத் தூக்கி எஞ்சினை ஸ்டார்ட் செய்தான். இஸ்திரிக் கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு ஸ்பிரே பாட்டிலால் வயர்களின் மேல் தண்ணீரைப் புகைபோல அடித்தான்.

"இப்பப் பாருங்க. கையக் கிட்டக் கொண்டு போயிராதிய."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு நடு வயரில், எஞ்சினுக்குப் பின்பக்கம் வளைந்து போகிற இடத்தில், நீலமாக ஒன்று நெளிந்தது. நூல் கனம்தான். துடித்தது, அணைந்தது, மறுபடி துடித்தது. சட் சட்டென்று சின்னதாகச் சத்தம். அது துடிக்கும்போதெல்லாம் எஞ்சின் திக்கியது. பாலத்தில் திக்கிய அதே திக்கு.

ஞானபாக்கியம் குனிந்து பார்த்தபடி நின்றாள். அழகாக இருந்தது. அப்படி ஒரு வார்த்தை மனதில் வந்து நெடுநாளாயிற்று. இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம் போலிருந்தது. அதற்குள் சோலைராஜ் எஞ்சினை நிறுத்தி, தார்ப்பாயை விலக்கி, ஷட்டரை ஏற்றிவிட்டான்.

நடு வயரைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். ஓரிடத்தில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

"வயரும் கறுப்பு, டேப்பும் கறுப்பு. பின்பக்கமா வேற இருந்திருக்கு. பிளக் மாத்தும்போது எங்கண்ணுல படாம போச்சு, என் தப்புதான்," என்றான். டேப்பை விரலால் தடவினான். "ஆனா இது பழசு இல்லக்கா. பசகூட இன்னும் காயல. இப்ப ஒண்ணு ரெண்டு மாசத்துல யாரோ சுத்திருக்காவ. உள்ள எலி கடிச்சிருக்கு பாருங்க. பல்லு பதிஞ்சிருக்கு. கடிச்ச எடத்த மறைச்சுச் சுத்திருக்காவ. வீட்டு வயருன்னா இது போதும், இந்தக் கரண்டுக்குத் தாங்காது. அதுக்கு மேல நூலு வேற சுத்தி முடிச்சுப் போட்டிருக்கு. நூலு ஈரத்தக் குடிச்சுக்கிட்டே இருக்கும்ல? வேற யார்ட்டயும் கொண்டு போனியளா?"

அவள் வயரை வாங்கிப் பார்த்தாள். டேப்பின் முனை பிரியாமல் இருக்க அழுக்கேறிக் கறுத்த நூலைச் சுற்றி, பொடியாக ஒரு முடிச்சு. ஓடுகிற மெஷினில் நூல் அறுந்தால் மில்காரர்கள் விரல் நுனியில் போடுகிற முடிச்சு. கையைப் பார்க்காமலே போடுவார்கள். அவள் வீட்டில் விளக்குமாற்றிலிருந்து பிய்ந்த செருப்பு வரைக்கும் அந்த முடிச்சு உண்டு. அவளுக்குச் சீட்டில் ஒட்டியிருந்த பஞ்சு நினைவுக்கு வந்தது.

"எங்க வீட்ல உள்ளவியதான்," என்றாள்.

"அண்ணாச்சியா? அவியதான் வண்டியத் தொடுறதே..." சோலைராஜ் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மூன்று வயரையும் புதிதாக மாட்டினான். மறுபடி ஷட்டரை இறக்கித் தண்ணீர் அடித்துக் காட்டினான். இருட்டு இருட்டாகவே இருந்தது. எஞ்சின் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஓடியது.

வீட்டுக்கு வந்தபோது எலியேசர் காலை ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஞானபாக்கியம் எதிரே உட்கார்ந்தாள். சாப்பிடுகிறவரிடம் கேட்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு கேட்டாள்.

"வேன்ல வயருக்கு டேப் சுத்துனது நீங்களா?"

அவர் கை தட்டில் நின்றது. "ஆமா."

"எப்ப?"

"புரட்டாசில. எலி கடிச்சிருந்துச்சு. சீட்டுக்குக் கீழ கூடு வச்சிருந்துச்சு. எடுத்துப் போட்டுட்டு, கடிச்ச எடத்துல சுத்தி விட்டேன். ஏன், அதுலதான் கோளாறா?" என்றார்.

"ஆமா. ஈரம் எறங்கிருக்கு. புது வயரு போட்டாச்சு."

"நல்லதுக்குன்னுதான் சுத்துனேன்."

"அது தெரியும். சீட்டத் தூக்கி எதுக்குப் பாத்தீய?"

எலியேசர் குழம்புச் சோற்றை ஒதுக்கினார், மறுபடி சேர்த்தார்.

"உக்காந்திருக்கும்போது கீச்சு கீச்சுன்னு சத்தம் கேட்டுச்சு. அதான் தூக்கிப் பாத்தேன்."

"எப்ப உக்காந்திருந்தீய?"

"நீ ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவும்போது. கொட்டகைல தச்சுக்கிட்டு இருக்கும்போது. செத்த நேரம் உக்காருவேன்."

"இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"அவன் உக்காந்து வந்த பக்கம்."

பின்னால் கொட்டகையில் பாண்டீஸ்வரியின் மெஷின் நீளமாக ஒரு தையல் ஓடி நின்றது. ஞானபாக்கியம் அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

"உக்காந்து என்ன செய்வீய? அழுவீயளா?"

"இல்லட்டி." அவர் தலையை ஆட்டினார். "அழுகை வரட்டும்னுதான் போயி உக்காருதேன். வரல. மில்லுல எல்லாரும் நா தைரியமா இருக்கேம்னு நெனைக்காவ. நீ என்ன நெனச்சுக்கிட்டு இருக்கியோன்னு..."

"எனக்கும் வரல," என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒரு வருஷமாக ஒரே வீட்டில் இருந்தவர்கள். அவர் உள்ளுக்குள் உடைந்து கிடக்கிறார், தன்னைப் போல இல்லை, அதனால்தான் வண்டியைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள். சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவள் தேறிவிட்டாள் என்று அவர் நினைத்திருந்தார். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து, அவள் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நாளைக்கு வில்லிபுத்தூருக்குச் சரக்கு கொண்டு போவணும்," என்றாள். "கூட வாரீயளா?"

"நாளைக்கு ஷிப்ட் இருக்கு," என்றார். பிறகு, "மத்தியான ஷிப்ட்தான். அதுக்குள்ள வந்துரலாம். வாரேன்," என்றார்.

மறுநாள் விடியும்போதே மழை. மூட்டைகளுக்கு மேல் பாலித்தீன் விரித்து மூடினார்கள். எலியேசர் இடப்பக்கக் கதவைத் திறந்து, ஏறி, கதவைச் சாத்தினார். முதல் தடவை சரியாகச் சாத்தவில்லை, மறுபடி இழுத்துச் சாத்தினார். அவள் வண்டியை எடுத்தாள்.

முகவூர் போயிற்று. ராஜபாளையத்தில் ரோடே வாய்க்காலாக ஓடியது. மேம்பாலத்தில் இரண்டாம் கியரைப் போட்டு மிதித்தாள். முன்னால் ஒரு லாரி ஊர்ந்து ஏறியது. வேன் அதன் பின்னாலேயே, ஒரு திக்கும் இல்லாமல் ஏறியது. உச்சிக்கு வந்ததும் எலியேசர் டேஷ்போர்டில் ஊன்றியிருந்த கையை எடுத்தார். அவள் அதைப் பார்த்தாள். அவரும் வண்டி நிற்குமோ என்று காத்திருந்திருக்கிறார்.

வைகுண்டராஜ் அப்போதுதான் கடையைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். மூட்டை இறக்க வந்த எலியேசரைப் பார்த்ததும், "வாங்க அண்ணாச்சி, பாத்து எம்புட்டு நாளாச்சு," என்றார். உடனே டீக்குச் சொல்லிவிட்டார். மூன்று பேரும் கடை வாசலில் நின்று, மழையைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தார்கள். டீ சூடாக இருந்தது. சர்க்கரை கூடுதல் என்று ஞானபாக்கியத்துக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகும் அவர்கள் அழவில்லை. இன்றுவரைக்கும் இல்லை. கல்லறைத் திருநாளுக்கு இரண்டு பேரும் வேனிலேயே போனார்கள். புல்லைப் பிடுங்கி, சிமெண்டைக் கழுவி, மெழுகுவத்தி ஏற்றி நின்றார்கள். காற்று இரண்டு தடவை அணைத்தது. மூன்றாம் தடவை எலியேசர் கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டார். கிருபாபாய் பெரியம்மா பக்கத்தில் நின்று இவர்களுக்கும் சேர்த்து அழுதாள். ஞானபாக்கியம் அவளைக் கைத்தாங்கலாக வண்டிவரை கூட்டி வந்து, வீட்டில் இறக்கிவிட்டாள். ஷிப்ட் இடம் கொடுக்கிற நாட்களில் எலியேசர் சரக்குக்குக் கூட வருகிறார். வழியில் பெரிதாகப் பேசுவதில்லை. ஒரு நாள் அவரே ஜோயல் பெயரை எடுத்தார், இந்த வளைவில் அவன் எப்போதும் வேகமாகத் திருப்புவான் என்று. ஆமாம் என்றாள். அவ்வளவுதான். அடுத்த கடை வந்துவிட்டது.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும்போது மழை இன்னும் வலுத்துவிட்டது. எதிரே வருகிற பஸ்ஸின் விளக்கு மட்டும் மஞ்சளாகக் கரைந்து தெரிந்தது. ஞானபாக்கியம் கழுத்தை நீட்டி, ரோட்டைத் தேடித் தேடி ஓட்டினாள். எலியேசர் நெடுநேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, இந்தப் பக்கம் வைப்பர் தொடைக்கவே மாட்டேங்குதே," என்றார். "மேல மேல இழுவிக்கிட்டுத் திரியுது."

"ரப்பர் போயிட்டு. மாத்தணும்."

"இப்படியேவா இம்புட்டு நாளும் ஓட்டுன?"

"எம்பக்கம் கொஞ்சம் தெரியும்," என்றாள்.

அவர் ஜன்னலை இறக்கி, கையை வெளியே நீட்டி, தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியைத் தன் பக்கம் எட்டிய மட்டும் துடைத்தார். சட்டைக் கை முழுக்க நனைந்துவிட்டது. ராஜபாளையம் வருகிறவரைக்கும் துடைத்துக்கொண்டே வந்தார்.